நாற்கரத்தின் கோணங்கள்: மனையிலும் வலையிலும் விடைத்தாளிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை உள்ள ஊர்களில் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும், மனைக்கு நூல் பிடிப்பவர்களும், வலை கட்டுபவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள்தான், ஆனால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை ஒரே இடத்திலிருந்து கிடைக்கிறது: நாற்கரத்தைக் கண்டதும் முதலில் ஒரு மூலைவிட்டம் போட வேண்டும்.

முனைகளை வரிசையாகக் க, ச, த, ப என்று குறிக்கிறோம். சுற்றி வரும் வரிசை அதுவே. ஆகவே க-வுக்கு எதிர்முனை த. ச-வுக்கு எதிர்முனை ப. கத, சப இரண்டும் மூலைவிட்டங்கள்.

நான்கு உட்கோணங்களின் கூடுதல் ஏன் எப்போதும் 360°?

க-விலிருந்து த-வுக்கு ஒரு கோடு போடுங்கள். நாற்கரம் கசத, கதப என்று இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றிலும் 180°. ச, ப ஆகிய கோணங்கள் முழுதாக ஒவ்வொரு முக்கோணத்துக்குள் இருக்கின்றன. க, த ஆகியவை இரண்டாக வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு துண்டாக இரண்டு முக்கோணங்களுக்கும் போகின்றன. எந்தத் துண்டும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை சேரவில்லை. ஆகவே 180 + 180 = 360.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, இரண்டு மூலைவிட்டங்களையும் போட்டுவிட்டு நான்கு முக்கோணங்கள் இருப்பதால் 720° என்று எழுதுவது. நடுவில் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியைச் சுற்றி உள்ள 360° நாற்கரத்தின் மூலைக்கோணங்களில் சேராது. அதைக் கழித்தால் மறுபடியும் 360°தான் வரும். இரண்டு வழியும் சரி. கழிக்க மறப்பதுதான் தவறு.

ஒரு முனை உள்ளே குழிந்திருந்தால்?

அப்போதும் 360°தான். குழிந்த முனையில் உள்ள உட்கோணம் 180°-ஐ விடப் பெரியது, அதாவது பின்வளை கோணம். கோணங்கள் 50°, 60°, 220°, 30° என்று இருக்கும் குழிவு நாற்கரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஆனால் நிரூபிக்கும்போது குழிந்த முனை வழியாகப் போகும் மூலைவிட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். மற்றது உருவத்துக்கு வெளியே ஓடிவிடும். அது நாற்கரத்தை இரண்டாகப் பிரிக்காது.

பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி வரைந்த உருவத்துக்கு இந்த விதி இல்லை. முனைகளை வரிசை மாற்றி இணைத்தால் அப்படி ஆகும்.

கோணமானி வைத்து அளந்தால் 357°, 364° என்று வருகிறதே?

பள்ளிக் கோணமானியில் ஒரு பாகைக்கு ஒரு கோடு. ஒவ்வொரு அளவிலும் அரைப் பாகை முன்பின் ஆகும். நான்கையும் கூட்டும்போது 2° வரை விலகல் வருவது இயல்பு. 358°, 362° என்றால் கவலை வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்வரும் இடங்களைப் பாருங்கள்.

முதலில், கோணமானியின் நடுப்புள்ளி. பலர் அதன் பிளாஸ்டிக் விளிம்பை முனையில் வைக்கிறார்கள். நடுப்புள்ளி விளிம்பிலிருந்து சற்று மேலே, அடிக்கோட்டில் இருக்கும். இந்தப் பிழை எல்லாக் கோணங்களையும் கெடுக்கும். அடுத்தது, உள்வரிசை எண்ணும் வெளிவரிசை எண்ணும் மாறிப் போவது: 70° என்பது 110° ஆகிவிடும், கூடுதலில் 40° எகிறும். படிக்கும் முன் கோணம் குறுங்கோணமா விரிகோணமா என்று கண்ணாலேயே முடிவு செய்துவிட்டால் இந்தப் பிழை வராது. மூன்றாவது, பக்கம் குட்டையாக இருந்து அளவுக்கோட்டை எட்டாமல் போவது. அளவுகோல் வைத்துப் பக்கத்தை மெல்லிய பென்சிலால் நீட்டிவிட்டு அளக்க வேண்டும். குழிவு நாற்கரத்தில் மட்டும் இன்னொன்று உண்டு: அரைவட்டக் கோணமானி 220°-ஐக் காட்டாது, 140° என்று காட்டும். அதை 360-லிருந்து கழித்தால்தான் உட்கோணம்.

ஒரு வேண்டுகோள்: மூன்று கோணங்களை அளந்துவிட்டு நான்காவதை 360-லிருந்து கழித்து எழுதாதீர்கள். கூடுதல் எப்போதும் சரியாகவே வரும், எங்கே பிழை என்று தெரியவே தெரியாது. நான்கையும் அளந்தால்தான் அது சோதனை.

நான்கு பக்கங்களின் நீளமும் தெரிந்தால் கோணங்கள் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. முக்கோணத்துக்கும் நாற்கரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான். மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான். நான்கு பக்கங்களை வைத்துக்கொண்டு எண்ணற்ற நாற்கரங்கள் வரையலாம்; கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், அவற்றின் கூடுதல் மட்டும் 360°-இல் நிற்கும்.

இதை நம் கடற்கரையில் காட்ட வலைக்கண்ணை விடச் சிறந்த பொருள் இல்லை. கண்ணின் நான்கு பக்கமும் ஒரே நீளம். ஆகவே எப்படி இழுத்தாலும் அது சாய்சதுரம். முடிச்சிலிருந்து முடிச்சு வரை 30 மி.மீ. உள்ள ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். மேல் கீழாக முழுக்க இழுத்தால் அது 60 மி.மீ. நீளக் கோடாகிவிடும், மேல் முனையின் கோணம் 0°, பக்கவாட்டு முனைகள் 180°. அகலம் 30 மி.மீ. வரும்படி விரித்தால் மேல் கோணம் 60°, பக்கவாட்டில் 120°, உயரம் ஏறத்தாழ 52 மி.மீ. இன்னும் விரித்து அகலம் 42.4 மி.மீ. ஆகும்போது நான்கும் 90°, உயரமும் அதே 42.4 மி.மீ. விரிக்க விரிக்க உயரம் குறைந்துகொண்டே வருகிறது; அதற்கு மேல் விரித்தால் அது அகலத்தை விடவும் சிறிதாகிவிடும்.

வலையைக் கயிற்றில் கட்டும்போது எவ்வளவு சுருக்கிக் கட்டுகிறோம் என்பது இந்தக் கோணத்தைத்தான் தீர்மானிக்கிறது. முழுக்க இழுத்தால் 100 மீட்டர் வரும் வலையை 50 மீட்டர் கயிற்றில் கட்டினால் விகிதம் 0.5, மேல் கோணம் 60°. மீனின் செவுள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் செவுள் வலைக்கு இந்த அளவு வெகுவாகப் பழகிய ஒன்று. 70.7 மீட்டர் கயிற்றில் கட்டினால் கண் சதுரமாகத் திறந்திருக்கும், அதே நூலில் வலை மறைக்கும் பரப்பும் அதிகபட்சமாகும்: ஒரு கண்ணுக்கு 900 ச.மி.மீ. 60°-இல் அது 779 ச.மி.மீ.தான். நூல் ஒன்று, முடிச்சு ஒன்று, கோணம் மட்டும் வேறு.

படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியில் இதுவே சிக்கலாகிறது. சாய்சதுரக் கண் வைத்த மடியில் மீன் நிறைந்து பாரம் ஏறும்போது இழுப்பு விசை மூலைவிட்டத்தின் வழியே செல்கிறது. மூலைவிட்டம் நீள்கிறது, முனைக்கோணம் சுருங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது, குஞ்சு மீன் வெளியேற வழியில்லை. மடியின் கடைப்பகுதியில் சதுரக்கண் வைக்கச் சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. அதில் நூல்கள் இழுப்புத் திசைக்கு இணையாகவும் குறுக்காகவும் ஓடுகின்றன. விசை பக்கத்தின் வழியே போகிறது. பக்கம் நீளாது, கோணமும் மாறாது.

இரும்புச் சட்டத்துக்கும் இதே விதி. நான்கு கம்பிகளை முனைகளில் ஆணியடித்து இணைத்தால் அது சாய்ந்து இணைகரமாகிவிடும். மூலைவிட்டமாக ஒரு கம்பி வைத்தால் இரண்டு முக்கோணங்கள், பிறகு அசைய இடமில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பல்களுக்கு வழிவிடத் தூக்கப்பட்ட பகுதியின் படத்தைப் பாருங்கள்: கட்டங்கட்டமாக ஓடும் சாய்ந்த சட்டங்கள் எல்லாம் மூலைவிட்டங்களே. வீட்டு வாசலில் போடும் பந்தல் கடற்காற்றில் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால், கால்களை ஆழப் புதைப்பதோடு ஒரு குறுக்குக் கழியும் கட்டுங்கள்.

நிலத்தின் நான்கு எல்லையும் 40, 30, 40, 30 மீட்டர். பரப்பு 1200 ச.மீ. என்று எடுத்துக்கொள்ளலாமா?

மூலைகள் 90°-ஆக இருந்தால் மட்டுமே. அதே நான்கு எல்லைகளோடு மூலைகள் 60°, 120°, 60°, 120° என்று இருந்தால் பரப்பு 1039 ச.மீ.தான். ஏறக்குறைய 4 சென்ட் குறைவு! எதிரெதிர் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கும் பழக்கம் எப்போதும் உண்மைப் பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோதான் காட்டும், குறைவாக ஒருபோதும் காட்டாது. ஆகவே அது விற்பவருக்குச் சாதகம்.

வாங்குபவர் செய்ய வேண்டியது, ஒரு மூலைவிட்டத்தையும் அளப்பது. மேலே சொன்ன நிலத்தில் மூலைகள் 90° என்றால் மூலைவிட்டம் 50 மீட்டர். 60°, 120° என்றால் ஒன்று 36.06, மற்றது 60.83 மீட்டர். பிறகு இரண்டு முக்கோணங்களின் பரப்பைத் தனித்தனியாகக் கண்டு கூட்டிவிடலாம். நம் மாநிலத்தின் புலப்படங்கள், அதாவது நில அளவை வரைபடங்கள், இந்த முறையில்தான் வரையப்பட்டவை: புலத்தின் குறுக்கே மூலைவிட்டக் கோடுகள் போட்டு, அவற்றிலிருந்து எல்லை முனைகளுக்குச் செங்குத்துத் தூரம் அளந்திருப்பார்கள். புலப்பட நகலில் எல்லைக் கோடுகளுக்கு உள்ளே தெரியும் கோடுகளையும் எண்களையும் விட்டுவிடாமல் படியுங்கள். மூலைக்கோணங்கள் அவற்றில் அடங்கியிருக்கின்றன.

வீட்டுக்கு நூல் பிடிக்கும்போது நான்கு மூலையும் 90° என்று எப்படி உறுதி செய்வது?

எதிர்ப்பக்கங்கள் சமம், அதோடு மூலைவிட்டங்களும் சமம். இரண்டும் சேர்ந்தால்தான் செவ்வகம்.

ஒன்று மட்டும் போதாது. முன்பக்கம் 40 அடி, பின்பக்கம் 38 அடி, இரண்டு பக்கவாட்டும் 30 அடி என்று ஒரு சமச்சீரான உருவம் வந்துவிட்டால் இரண்டு மூலைவிட்டங்களும் 49.19 அடிதான், துல்லியமாகச் சமம். ஆனால் முன் மூலைகள் 88.1°, பின் மூலைகள் 91.9°. அது இருசமபக்கச் சரிவகம்: முன்கோடும் பின்கோடும் மட்டும் இணை. மறுபுறம், எதிர்ப்பக்கங்கள் மட்டும் சமமாக இருந்தால் இணைகரமாகச் சாய்ந்திருக்கலாம்.

செய்முறை இது. முன்பக்கக் கோட்டை நூல் கட்டி நிலைநிறுத்துங்கள். ஒரு மூலையில் 3, 4, 5 அளவு பிடித்து, அதாவது ஒரு கோட்டில் 3 அடி, மறுகோட்டில் 4 அடி, அவற்றின் முனைகளுக்கு இடையே 5 அடி வரும்படி வைத்து, பக்கவாட்டுக் கோட்டை எடுங்கள். இடமிருந்தால் 6, 8, 10 அடி பிடிப்பது நல்லது. காரணம் கணக்கில் தெரியும்: 5 அடியை அளப்பதில் கால் அங்குலம் பிசகினால் மூலை அரைப் பாகை திரும்பும், 10 அடியில் அதே கால் அங்குலம் பிசகினால் கால் பாகைதான் திரும்பும். அரைப் பாகை சிறிதாகத் தோன்றும், ஆனால் 40 அடிச் சுவரின் மறுமுனையில் அது 4 அங்குலத்துக்கு மேல்.

நான்கு முளையும் அடித்தபின் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 40க்கு 30 மனையில் இரண்டும் 50 அடி வர வேண்டும். மூலை 1° மாறியிருந்தாலே ஒன்று 49 அடி 7 அங்குலம், மற்றது 50 அடி 5 அங்குலம் ஆகும். வேறுபாடு 10 அங்குலம்! கோணத்தை நேரடியாக அளப்பதைவிட மூலைவிட்டம் கூர்மையான சோதனையாக இருப்பது இதனால்தான். சரிசெய்ய, முன்பக்க முளைகளைத் தொடாமல் பின்பக்க முளைகள் இரண்டையும் பின்கோட்டின் வழியே ஒரே திசையில், நீண்ட மூலைவிட்டம் குறையும் பக்கமாக நகர்த்துங்கள். எவ்வளவு? இந்த மனைக்கு, வேறுபாட்டை 1.6-ஆல் வகுத்தால் போதும். 10 அங்குலத்துக்கு ஆறேகால் அங்குலம். பிறகு பக்கவாட்டு நீளங்களை மறுபடி அளந்து பாருங்கள்.

கடலோர மனையில் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. மணலில் முளை அசையும், நூலின் இழுப்பே அதைச் சாய்த்துவிடும். நீளமான முளையை ஆழமாக அடியுங்கள், காலையில் பிடித்த நூலை மாலையில் நம்பாதீர்கள். துணி நாடா இழுத்தால் நீளும், இரும்பு நாடா நல்லது. காற்றில் நாடா வில்லாக வளைந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் ஒரே நாடாவால், ஒரே ஆள், ஒரே இழுப்பில் அளந்தால் பெரும்பகுதிப் பிழை இரண்டிலும் சமமாக விழுந்து ஒப்பீடு கெடாமல் இருக்கும்.

இணைகரத்தில் எந்தக் கோணங்கள் சமம், எவை சேர்ந்து 180°?

எதிர்க்கோணங்கள் சமம். அடுத்துள்ள கோணங்கள் சேர்ந்து 180°. இரண்டாவது விதி இணைகோடுகளிலிருந்து நேராக வருகிறது: இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் அதன் ஒரே பக்கத்தில் உள்ள உட்கோணங்கள் 180°. முதல் விதி அதிலிருந்து கிடைக்கிறது: க + ச = 180, ச + த = 180, ஆகவே க = த.

தேர்வில் மதிப்பெண் போகும் இடம், எதிரா அடுத்ததா என்று பார்க்காமல் சமன்பாடு எழுதுவது. அடுத்துள்ள கோணங்கள் (2ய + 15)°, (3ய − 10)° என்று கொடுத்தால் கூட்டி 5ய + 5 = 180, ய = 35, கோணங்கள் 85°, 95°. அவசரத்தில் இரண்டையும் சமப்படுத்தினால் ய = 25, இரண்டும் 65° என்று வரும். அடுத்தடுத்த இரண்டு 65° சேர்ந்து 130°தான், 180° இல்லை. விடை வந்ததும் இப்படி ஒரு முறை பொருத்திப் பாருங்கள். விடைத்தாளில் ஒவ்வொரு வரிக்கும் அருகே காரணத்தை எழுதுங்கள்: "இணைகரத்தின் அடுத்துள்ள கோணங்கள்" என்ற மூன்று சொற்கள் போதும்.

சாய்சதுரத்துக்கு இதற்கு மேல் என்ன உண்டு?

மூலைவிட்டங்கள் முனைக்கோணங்களைச் சரிபாதியாக்கும், ஒன்றையொன்று 90°-இல் வெட்டும். சாதாரண இணைகரத்தில் மூலைவிட்டம் கோணத்தைச் சரிபாதியாக்காது. பிள்ளைகள் இதை எல்லா இணைகரத்துக்கும் பொருத்திவிடுகிறார்கள். செவ்வகத்துக்கும் அது பொருந்தாது: 40க்கு 30 செவ்வகத்தில் மூலைவிட்டம் மூலையை 36.9°, 53.1° என்று பிரிக்கிறது.

சரிவகத்தின் கோணங்களை எளிதில் எப்படிக் காண்பது?

இணையாக இல்லாத ஒவ்வொரு பக்கத்தின் இரு முனைக் கோணங்களும் சேர்ந்து 180°. அவ்வளவுதான். இருசமபக்கச் சரிவகமானால் அடிக்கோணங்கள் இரண்டும் சமம், மேற்கோணங்கள் இரண்டும் சமம்.

உப்பள வரப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சரிவகம். 1 அடி உயரத்துக்கு 1 அடி சரிவு வைத்தால் அடிக்கோணம் 45°, மேற்கோணம் 135°. ஒன்றரை அடி சரிவு வைத்தால் 33.7°, 146.3°. மணல் கலந்த மண்ணில் செங்குத்தான வரப்பு தண்ணீரில் கரைந்து சரிந்துவிடும், ஆகவே அடிக்கோணத்தைக் குறைக்கிறார்கள். ஒரு கோணம் தெரிந்தாலே மற்ற மூன்றும் தெரிந்துவிடும்.

பட்டம் என்ற நாற்கரத்தில்?

அடுத்துள்ள பக்கங்கள் இரண்டு சோடியாகச் சமம். சமமற்ற பக்கங்கள் சந்திக்கும் இரண்டு முனைகளில் கோணங்கள் சமம். மற்ற இரண்டும் பொதுவாக வேறு. மேல் 50°, கீழ் 110° என்றால் மீதி 200°, பக்கவாட்டில் 100° வீதம்.

கோணங்கள் 3 : 4 : 5 : 6 விகிதத்தில் உள்ளன. இதைக் கண்டபின் வேறு எதுவும் கேட்பார்களா?

கேட்க வேண்டும், இந்தக் கணக்கின் சுவை அங்கேதான் இருக்கிறது. பகுதிகள் மொத்தம் 18. 360-ஐ 18-ஆல் வகுத்தால் 20. கோணங்கள் 60°, 80°, 100°, 120°. (முக்கோணத்தின் நினைவில் 180-ஐ வகுப்பவர்கள் உண்டு, அவர்களுக்குப் பாதியாகத்தான் வரும்.)

இப்போது வரிசையைப் பாருங்கள். க = 60, ச = 80, த = 100, ப = 120. அடுத்தடுத்துள்ள க-வும் ப-வும் சேர்ந்து 180°. ச-வும் த-வும் அப்படியே. ஆகவே கச பக்கமும் பத பக்கமும் இணை, இது சரிவகம். அதே நான்கு கோணங்களை 3 : 4 : 6 : 5 என்று வரிசை மாற்றினால் க = 60, த = 120, எதிர்க்கோணங்கள் சேர்ந்து 180°. இப்போது இது வட்ட நாற்கரம். எண்கள் அவையே, வரிசை மாறியதும் உருவத்தின் குணமே மாறிவிட்டது. ஆகவே விகிதக் கணக்கில் கோணங்களைக் கண்டதும் நிறுத்தாமல் அடுத்தவையும் எதிரெதிரும் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வெளிக்கோணங்களின் கூடுதலும் 360°. இது தற்செயலா?

நாற்கரத்தில் உட்கோணக் கூடுதலும் வெளிக்கோணக் கூடுதலும் ஒன்றாக வருவது நாற்கரத்துக்கு மட்டுமே உரியது. வெளிக்கோணக் கூடுதல் எல்லாக் குவிவுப் பலகோணத்துக்கும் 360°. உட்கோணக் கூடுதல்தான் பக்கங்கள் கூடக் கூட ஏறும்.

படகை வைத்துச் சொன்னால் விளங்கும். பாம்பனிலிருந்து புறப்பட்ட படகு திசைகாட்டியில் 50°, பிறகு 120°, பிறகு 225°, பிறகு 300° என்று நான்கு திசைகளில் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து மறுபடி 50° திசைக்குத் திரும்புகிறது. திரும்பிய அளவுகள் 70°, 105°, 75°, கடைசியில் 300-லிருந்து 50-க்கு 110°. கூட்டினால் 360°, அதாவது படகின் முன்பகுதி ஒரு முழுச்சுற்று சுற்றிப் பழைய திசைக்கே வந்திருக்கிறது. ஒவ்வொரு திருப்பமும் ஒரு வெளிக்கோணம். அதை 180-லிருந்து கழித்தால் உட்கோணங்கள்: 110°, 75°, 105°, 70°. இங்கே பிழை நேரும் இடம், திருப்பத்தின் அளவையே மூலைக்கோணம் என்று எடுத்துக்கொள்வது.

வழியில் ஒரு இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினால் பாதை குழிவு நாற்கரமாகும். அந்தத் திருப்பத்தைக் கழிக்க வேண்டும்: 130 + 120 − 40 + 150 = 360.

வட்ட நாற்கரத்தில் எதிர்க்கோணங்கள் ஏன் 180° ஆகின்றன?

நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருப்பது வட்ட நாற்கரம். வட்ட மையத்தை ம என்போம். ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், வட்டத்தின் எதிர்ப்பகுதியில் தாங்கும் கோணத்தின் இருமடங்கு. த வழியாகப் போகும் வில் சப, மையத்தில் தாங்குவது கோணம் க-வின் இருமடங்கு. க வழியாகப் போகும் மறுவில் தாங்குவது கோணம் த-வின் இருமடங்கு. இரண்டு வில்லும் சேர்ந்தால் முழு வட்டம், 360°. ஆகவே க + த = 180°. ஒரு பக்கத்தை நீட்டினால் கிடைக்கும் வெளிக்கோணம் உள்ளே எதிர்முனையில் உள்ள கோணத்துக்குச் சமம் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தவறும் இடம் ஒன்று உண்டு. படத்தில் வட்டமும் நாற்கரமும் தெரிந்தால் போதும், 180 என்று எழுதிவிடுகிறார்கள். நான்கு முனைகளில் ஒன்று மையம் ம-வாக இருந்தால் அது வட்டத்தின் மேல் இல்லை. ம, க, ச, த என்ற நாற்கரத்தில் மையக்கோணம் 100° என்று வையுங்கள், ச சிறு வில்லின் மேல் இருக்கிறது. ச-வின் கோணம் 80° அல்ல. மறுபக்கம் உள்ள பின்வளை கோணம் 260°, அதன் பாதி 130°. இதுதான் விடை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு படம்: வெளியே உள்ள வ என்ற புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள், அவை தொடும் இடங்கள் க, ச. தொடுகோடும் ஆரமும் 90°-இல் சந்திப்பதால் ம, க, வ, ச என்ற நாற்கரத்தில் க-வும் ச-வும் 90°. மீதி ம + வ = 180°. இங்கே 180 வருவது சரிதான், ஆனால் காரணம் கொடுத்த வட்டம் அல்ல, இரண்டு செங்கோணங்கள்.

எவை எல்லாம் வட்டத்தில் அடங்கும்? செவ்வகம், சதுரம், இருசமபக்கச் சரிவகம் எப்போதும் அடங்கும். இணைகரம் அடங்க வேண்டுமென்றால், எதிர்க்கோணங்கள் சமமாகவும் சேர்ந்து 180°-ஆகவும் இருக்க வேண்டியிருப்பதால், அது செவ்வகமாகத்தான் இருந்தாக வேண்டும். பட்டம் அடங்குவது அதன் சமக்கோணங்கள் இரண்டும் 90°-ஆக இருந்தால் மட்டும்.

நான்கு கோணங்களும் குறுங்கோணமாக இருக்கலாமா?

முடியாது. நான்கும் 90°-க்குக் குறைந்தால் கூடுதல் 360°-ஐ எட்டாது. நான்கும் விரிகோணமாக இருப்பதும் அதே காரணத்தால் முடியாது. மூன்று வரை இருக்கலாம். மூன்று செங்கோணம் என்றால் நான்காவதும் செங்கோணமே.

அடுத்தடுத்த இரண்டு கோணங்களின் இருசமவெட்டிகள் சந்திக்கும் கோணம் என்ன?

மற்ற இரண்டு கோணங்களின் கூடுதலில் பாதி. க, ச முனைகளின் இருசமவெட்டிகள் உள்ளே சந்தித்தால் அங்கே உருவாகும் முக்கோணத்தின் மூன்றாவது கோணம் 180-லிருந்து (க + ச)-வின் பாதியைக் கழித்தது. 180 என்பதே (க + ச + த + ப)-வின் பாதிதானே. கழித்தால் (த + ப)-வின் பாதி மிஞ்சும். இணைகரத்தில் த + ப = 180 என்பதால் அது 90°. நான்கு மூலைகளிலும் இருசமவெட்டி போட்டால் நடுவில் ஒரு செவ்வகம் பிறப்பது அதனால்தான். சாய்சதுரத்திலும் சதுரத்திலும் மட்டும் அந்தச் செவ்வகம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும்.

சதுரத்தைச் செவ்வகம் என்று எழுதினால் தவறா?

தவறில்லை. சதுரம் செவ்வகமும்தான், சாய்சதுரமும்தான். செவ்வகத்துக்கு நிரூபித்த ஒவ்வொரு கோணப் பண்பும் சதுரத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. திரும்பிப் போக முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பூமி உருண்டைதானே? கடலில் வரைந்த நாற்கரத்துக்கும் 360° சரியா?

கண்டிப்பாகச் சொன்னால் சற்றுக் கூடும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழிகளால் ஆன நாற்கரத்தின் கோணக் கூடுதல் 360°-ஐ விட அதிகம். அந்த மிகுதியின் அளவு பரப்பைப் பொறுத்தது. பூமியில் சுமார் 200 சதுர கி.மீ.க்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. மனைக்கும் உப்பளத்துக்கும் மீன்பிடிப் படகுக்கும் இது ஒன்றுமே இல்லை. 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை போன்ற வேலைக்குத்தான் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

வரைபடத்தில் ராமேசுவரம் இருக்கும் கட்டத்தைப் பார்ப்பவர்கள் இங்கே ஒரு எதிர்ப்பைக் கிளப்பலாம். அட்சரேகை 9°, 10°. தீர்க்கரேகை 79°, 80°. நான்கு மூலையிலும் கோடுகள் செங்குத்தாக வெட்டுகின்றன, கூட்டினால் சரியாக 360°. அப்படியானால் அந்த மிகுதி எங்கே போயிற்று? அட்சரேகைகள் மிகக் குறுகிய வழிகள் அல்ல. அவை வளைந்த கோடுகள், ஆகவே அந்தக் கட்டம் நாம் பேசும் நாற்கரமே அல்ல. அதன் நீளமும் அதைக் காட்டிக்கொடுக்கிறது: கீழ்ப்பக்கம் ஏறத்தாழ 110 கி.மீ., மேல்பக்கம் அதைவிட 300 மீட்டர் அளவில் குறைவு. நான்கு செங்கோணம் இருந்தும் எதிர்ப்பக்கங்கள் சமமில்லை.